மாரி அக்காவின் கட்டிலருகே பாட முடிந்த பாட்டு

மாரி அக்கா என் கொண்டையைப் பிடித்து இழுத்தபோது நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் கர்த்தருடைய பாட்டுத்தான். இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆனதற்கு அதுதான் காரணம்.

என் பெயர் ஜெபசெல்வி. வயது இருபத்து நான்கு. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். பூச்சட்டிக் கூம்புக்குள் மருந்தை நிரப்பி, மரக்கட்டையால் மெல்ல அழுத்துகிற வேலை. ஓர் அறைக்கு நான்கு பேர்தான். காலில் செருப்பு கிடையாது. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எங்கள் அறைப் பக்கம் மணியோ சைரனோ இல்லை. ஒருவர் "ஓடு" என்று கத்தினால் மற்றவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர் கூடுகை. அங்கே ஜெபத்தைவிடப் பாட்டுச் சண்டைதான் அதிகம். டிரம்ஸ் இருந்தால் அது உலகப் பாட்டு என்பார் ஒருவர். மெட்டு சினிமா மாதிரி இருக்கிறதே என்பார் இன்னொருவர். நான் ஓர் உபவாசக் கூட்டத்தில் சினிமாப் பாட்டை விட்டுவிடுவதாக ஒப்புக்கொடுத்தவள். விட்டும்விட்டேன். அந்தப் பெருமை தலைக்கு மேல் இருந்தது. இயேசுவின் பெயர் வந்தால் அந்தப் பாட்டு பாஸ். எந்த நேரமும் கேட்கலாம், எந்த இடத்திலும் கேட்கலாம். என் அளவுகோல் அவ்வளவுதான்.

மெமரி கார்டு போட்டுக் காதில் மாட்டுகிற நெக்பேண்ட் ஒன்று வாங்கி முந்நூறு பாட்டு ஏற்றினேன். தூசிக்காகத் தலையில் துண்டு கட்டுவோம். அதற்குள் மறைத்துக்கொண்டால் கேட்டில் தெரியாது. கண்ட பாட்டையா கேட்கிறேன், ஆண்டவரைத் துதிக்கிறேன், இதில் என்ன குற்றம் என்று எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். பக்கத்தில் உட்காரும் மாரி அக்கா இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார். "ஏ புள்ள, எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன். காது அவிஞ்சு போச்சா?" நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். வெளியே மேடையில் காயப்போட்டிருந்த மருந்து பற்றிக்கொண்டது. நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். மாரி அக்கா "ஓடுங்கடி" என்று கத்தியிருக்கிறார். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். அக்காவும் ஓடிவிட்டார். வேப்பமரம் வரை போனவர், ஆளைக் கணக்குப் பார்த்து, நான் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தார். திரும்பக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

கொண்டையோடு இழுத்து என்னை வாசலுக்கு வெளியே தள்ளினார். அவர் வெளியே கால் வைப்பதற்குள் அறை பிடித்துக்கொண்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு முதுகும் வலது காலும் வெந்துபோயின. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முதல் சில நாட்கள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அக்காவின் வீட்டுக்காரர் சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. உள்ளுக்குள் ஜெபித்தேன். "ஆண்டவரே, அக்கா பிழைக்க வேண்டும். ஆண்டவரே, நெக்பேண்ட் விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். இதைச் சபையில் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் சாப்பிடாமல் ஜெபித்தேன். ஆறுதலுக்காக ஒரு பாட்டைப் போட்டேன். முதல் வரி முடிவதற்குள் நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தத்தை என் காது தாங்கவில்லை. நான்காம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது. தண்ணீர் கேட்டார். கர்த்தர் என் முதல் ஜெபத்தைக் கேட்டார் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

அடுத்த வாரம் போர்மேன் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "ஒனக்குக் கால் மரத்துப்போச்சாம்லா? எந்திரிக்க முடியலையாம். மாரி சொன்னா. விபத்து ரிப்போர்ட்லயும் அப்பிடித்தான் எழுதிருக்காக" என்றார். எனக்குக் கால் மரத்துப்போகவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டாவது ஜெபமும் கேட்கப்பட்டுவிட்டது என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பொய்யை வேறொருத்தி வெந்த உடம்போடு சொல்லியிருக்கிறாள் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டு மாற்றிய நேரம். அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "செல்வி, ஒங்க சாமி பாட்டு ஏதாச்சும் பாடேன். வலி செத்த நேரம் மறக்கட்டும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முந்நூறு பாட்டும் மனப்பாடம். ஒன்றில் நான் உயர்ந்துகொண்டே போகிறேன். இன்னொன்றில் என் எதிரி கீழே விழுகிறான். மற்றொன்றில் எனக்குத் தீங்கு அணுகவே அணுகாது என்று கைதட்டி ஆடுகிறேன். எனக்காக வெந்தவர் முன்னால் நின்று அதை எப்படிப் பாடுவது? இசைக்கருவி இல்லாமல், கூட்டம் இல்லாமல், என் தொண்டையை மட்டும் வைத்து அவர் முகத்துக்கு நேரே பாடக்கூடியது ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாப் பாட்டிலும் இயேசுவின் பெயர் இருந்தது. பாதிக்கு மேல் என்னைப் பற்றிய பாட்டாக இருந்தது.

"அக்கா, நான் காதுல பாட்டு மாட்டிருந்தேன். அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் புள்ள. இழுக்கையிலயே ஒன் காதுக்குள்ள டங்கு டங்குனு கேட்டுச்சு."

"பெறகு ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டுத் தூக்கிருவாக. நீ கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதெல்லாம் கெடக்கட்டும். பாடு."

ஞாயிறு பள்ளியில் ஆறு வயதில் படித்த ஒரு சின்னப் பாட்டு ஞாபகம் வந்தது. தப்பு செய்த பிள்ளை தகப்பனிடம் திரும்பி வருகிற பாட்டு. நான்கே வரி. அதைப் பாடினேன். குரல் உடைந்தது. திரும்பவும் பாடினேன். ஏழெட்டுத் தடவை பாடியிருப்பேன். அக்கா தூங்கிவிட்டார்.

மறுநாள் போர்மேனிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மன்னித்தார். வேலையை விட்டும் நிறுத்தினார். இப்போது சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் ஒன்றில் காலண்டர் தலைப்புக்குத் தகரப் பட்டை அடிக்கிறேன். அக்கா நான்கு மாதம் கழித்து நடந்தார். நடந்த முதல் வாரம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தக் கிளம்பினார். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். யார் சாமி காப்பாற்றியது என்று எங்களுக்குள் சண்டையில்லை. அவருக்கு அவர் நம்பிக்கை. நான் யாரிடம் கேட்டேன், எந்த நாள் காய்ச்சல் இறங்கியது என்பது எனக்குத் தெரியும்.

வாலிபர் கூடுகையில் இதைச் சொன்னபோது, "அப்ப டிரம்ஸ் போடலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க" என்று ஒரு தம்பி கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் எனக்குப் புதுசுதான். வேகமான பாட்டை நான் இன்றும் கேட்கிறேன், வேலை முடிந்து வீட்டில். வேலை நேரத்தில் காதைச் சும்மா வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் திரும்புவதும் ஆராதனைதான் என்று இப்போது நம்புகிறேன். பழைய பாட்டுகளை, அக்காவின் கட்டிலருகே நிற்பதாக நினைத்து, ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தேன். பதினோரு பாட்டு தேறியது. மற்றவற்றை அழித்துவிட்டேன்.

அன்பான தம்பி தங்கச்சிகளே, எந்தப் பாட்டு சரி என்று ஆண்டவரிடமே கேளுங்கள். அவர் எனக்குக் காட்டினார், உங்களுக்கும் காட்டுவார். ஒரு நாள் உங்களால் காயப்பட்ட ஒருவர் முன்னால் போய் நில்லுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கே நின்று ஒரு பாட்டைப் பாடிப் பாருங்கள். குரல் வந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் பாட்டை விடுங்கள், அந்த மனுஷரை விட்டுவிடாதீர்கள்.