இரும்பைப் பிடித்துக்கொண்ட எண்ணெய்

அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பனியன் துணியைப் பெராக்சைடு போட்டு வெளுப்பார்கள். மிச்சமிருக்கும் பெராக்சைடை ஒரு என்சைம் ஊற்றி அழித்த பிறகுதான் சாயம் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் நிறம் பிடிக்காது.

அன்று என்சைம் ஊற்றியும் சோதனைப் பட்டை நீலமாகவே இருந்தது. பெராக்சைடு போகவில்லை என்று அர்த்தம். சாய மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

"பட்டை பழசா இருக்கும் அம்மிணி. சாயத்தப் போடச் சொல்லுங்க" என்றார்.

துணி முழுக்கத் திட்டுத்திட்டாக வந்தது. தப்பு லேபில்தான் என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். மறுநாள் முதலாளியின் அறையில் என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார்கள். என்சைமை நான் குறைவாக அளந்துவிட்டதாக எழுதித் தர வேண்டுமாம்.

"எழுத மாட்டேன் சார். சரியாத்தான் அளந்தேன்."

"அப்பொறம் யாரு தப்புங்க?" என்றார் மாஸ்டர்.

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் மாறியது ஒன்றே ஒன்று: துணி சீக்கிரம் நனைவதற்காகத் தண்ணீரில் ஊற்றும், சோப்பு போன்ற திரவம்; பட்டறையில் அதை எண்ணெய் என்பார்கள். மாஸ்டர்தான் புதிதாக வரவழைத்திருந்தார். அதனுடன் வந்த விவரத்தாளை வாங்கிப் படித்தேன். ஹைட்ராக்சிலமைன் உப்பு என்று ஒரு வரி இருந்தது. கல்லூரியில் படித்தது நினைவுக்கு வர, லேபுக்கு ஓடினேன்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளோடு முதலாளி அறைக்குத் திரும்பினேன். இரண்டிலும் பெராக்சைடு. ஒன்றில் பழைய எண்ணெய், மற்றதில் புதியது. அவர்கள் முன்னாலேயே இரண்டிலும் ஒரே அளவு என்சைம் ஊற்றினேன். முதல் குவளை புஸ்ஸென்று பொங்கியது. இரண்டாவது அசையவே இல்லை.

"என்சைமை ரெட்டிப்பா ஊத்திப் பாருங்க" என்றார் முதலாளி. ஊற்றினேன். ஓரத்தில் நாலைந்து குமிழிகள், அவ்வளவுதான்.

"இந்த என்சைமுக்கு நடுவுல ஒரு இரும்பு இருக்கு சார். பெராக்சைடை உடைக்கிறதே அந்த இரும்புதான். எண்ணெயில உள்ள உப்பு முதல்ல போய் அதைப் பிடிச்சுக்கிட்டா, பெராக்சைடுக்கு அங்க இடமே கிடையாது."

முதலாளி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரிங்க, இதோட உட்றலாம்."

"விட முடியாது சார். என்மேல தப்புன்னு நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. இல்லைன்னு சொல்றதும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்."

வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் மாஸ்டர் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்று, "அம்மிணி மேல தப்பில்லீங்க, எண்ணெய்லதான் கோளாறு" என்றார். எண்ணெய் கேன்களை அன்றே திருப்பி அனுப்பினார்கள். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நானாகப் போய்ப் பேசவும் இல்லை.