நாலு சேவு, ஒரு பால்கோவா, ஒரு வாழைப்பழம்

மழை பெய்த மறுநாள் கோவில்பட்டிக்கு வெளியே உழுது போட்ட நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் என் தங்கைக்கும் அந்த நிறம். ஆண்பிள்ளைக்கு அது குறையில்லை என்று ஊர் எனக்குச் சலுகை கொடுத்திருந்தது. தங்கைக்குக் கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போவார்கள். அதோடு சரி.

எங்கள் தரகர் அவளை "மாநிறம்" என்றே எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார். வந்தவர்கள் வாசலில் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்போதே அந்த 'மா' உதிர்ந்துவிடும்.

நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். நெட் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்து, இளவட்டங்கள் தடுப்புக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்த காலம். அப்படி ஒரு தடுப்புக்குள் உட்கார்ந்து ஒருநாள் நான் படித்தது தோலைப் பற்றி. தோலின் நிறத்தைத் தீர்மானிக்கிற பல புரதங்களில் ஒன்று, செல்லுக்குள் இருக்கும் குட்டிப் பைகளின் சவ்வில் உட்கார்ந்து பண்டமாற்று செய்கிறதாம். சோடியத்தை ஒரு பக்கம் இறக்கிவிட்டு, அந்த இறக்கத்தின் வேகத்திலேயே கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் ஜோடியாக எதிர்ப்பக்கம் ஏற்றிவிடும். அந்தப் புரதம் ஒரு நீளச் சங்கிலி. அதில் ஒரே ஒரு கண்ணி மாறினால் மாற்று மந்தமாகும், கருநிறமி குறையும், ஆள் சிவப்பாகிவிடுவார். ஆக, இவர்கள் கொண்டாடுகிற சிவப்பு என்பது உள்ளே ஒருத்தன் வேலையில் சுணங்குவது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நெட் சென்டர்காரர் எழுந்து வந்து என் திரையை எட்டிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது அங்கே இல்லாததில் அவருக்கு ஏமாற்றம்தான்.

அடுத்த வாரம் கடம்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கயத்தாறில் லாரி உதிரிபாகக் கடை. நல்ல சிவப்பு. கூட அவருடைய அம்மாவும் தாய்மாமனும். தங்கை காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கா. கலருதான் கொஞ்சம்... தரகர் வேற மாதிரில்லா சொன்னாரு."

தரகர் மின்விசிறியை ஆராய்ந்தார். நான் பலகாரத் தட்டை முன்னால் இழுத்தேன். வாத்தியார் வேலையில் இருக்கும் பெரிய சீக்கு இது. எவனாவது வாயைத் திறந்தால் பாடம் எடுக்கத் தோன்றும்.

"கலருன்னா என்னன்னு சொல்லுதேன் கேளுங்க. இந்தத் தட்டு விளிம்புதான் சவ்வு. உப்புச் சேவு சோடியம். பால்கோவா கால்சியம். வாழைப்பழம் பொட்டாசியம். நாலு சேவு இந்தப் பக்கம் வந்தா, ஒரு பால்கோவாவும் ஒரு பழமும் சேந்தாப்புல அந்தப் பக்கம் போவும். சும்மா எதுவும் நடக்காது. எல்லாம் மாத்துதான். குடுத்தாத்தான் எடுக்க முடியும்!"

மாப்பிள்ளை மட்டும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப என் கையில மாத்து சரியா நடக்கலையோ, சார்?"

நான் பதில் சொல்வதற்குள் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, சுத்தி வளைப்பானேன்? மாத்துச் சம்பந்தம் கேக்கீய, அதான? பொண்ணைக் குடுத்துப் பொண்ணை எடுக்கணும்ங்கீய. எங்க வீட்லயும் மாப்பிள்ளைக்கு ஒரு தங்கச்சி இருக்கா. எங்களுக்குச் சம்மதந்தான். என்னக்கா?"

அக்கா யோசித்துத் தலையாட்டினார். "கலருக்குக் கலரு சரியாப் போவுது."

ஐயோ, நான் சோடியத்தைச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "ஏலே, வாயப் பொத்து." அவள் கண்ணில் தண்ணீர். ஒரே பேச்சில் ரெண்டு கல்யாணம் முடிந்த சந்தோஷம். எனக்கும் உள்ளூர ஒரு குறுகுறுப்பு. உயிர்வேதியியல் படித்து வேறு எவனுக்கு வீடு தேடிப் பெண் வந்திருக்கிறது?

வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் தரகரும் பூ, பழத்தோடு கடம்பூருக்குப் பஸ் ஏறினோம். முகத்துக்கு நான் பவுடர் பூசியிருந்தேன். கரிசலில் உப்புப் பூத்த மாதிரி இருந்திருக்கும். பெண் வந்தாள், காபி கொடுத்தாள், என்னை ஒரு பார்வை நேராகப் பார்த்தாள், போனாள். உள்ளே அவள் அம்மா ஏதோ தணிந்த குரலில் கேட்பது காதில் விழுந்தது. பதில் தணிந்து வரவில்லை.

"அவிய ரொம்பக் கறுப்பும்மா. எனக்கு வேண்டாம்."

அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். தாய்மாமன் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"பொண்ணுக்குப் பிடிக்கல அண்ணாச்சி. ஒண்ணு நின்னா மத்ததும் நின்னுதான போவும்? நீங்கதான சொன்னீய, குடுத்தாத்தான் எடுக்க முடியும்னு."

அதற்கு மேல் அறிவியலில் அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. பஸ்ஸில் தரகர் வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

வீட்டில் தங்கை தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் நடந்ததை நடித்துக் காட்டினேன். பவுடர், பார்வை, இருமல், எல்லாம். வழக்கமாக என் கூத்துக்கு முதலில் சிரிப்பவள் அவள்தான். அன்று துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டிருக்காவ, பாத்தியாண்ணே."

"என்னத்த?"

"பிடிச்சிருக்கான்னு. அவ வேண்டாம்னா, நிப்பாட்டிட்டாவ. இங்கன இத்தனை பேரு வந்து போனாவளே, எங்கிட்ட யாராச்சும் கேட்டியளா?"

"ஒனக்குப் பிடிச்சு என்ன செய்ய, அவியளுக்குல்லா பிடிக்கணும்" என்று அம்மா அடுப்படிக்குள் போனாள்.

நான் சிரித்துக்கொண்டே, "சரிட்டி, இப்பக் கேக்கேன். அந்தச் சிவத்தவனைப் பிடிச்சிருந்துதா?" என்றேன். அவள் உதட்டைச் சுழிப்பாள், அதை வைத்து ரெண்டு நாள் ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

"பிடிச்சிருந்துது" என்றாள். "நீ சொன்னத அவிய மட்டுந்தாண்ணே காதுல வாங்கினாவ."

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வேறு துணியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.