மணிமேல் போட்ட பழி

போன வாரம் திருப்பதியில் ஒரு பூஜை சாமான் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஒரு சின்ன டப்பியைத் திறந்து நீட்டினார். சாமிக்குச் சாத்துகிற வாசனைப் புனுகு. பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கோ கோழி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன்னால் எனக்குத் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் முதல் வேலை. வடமாலபேட்டையில் அறை எடுத்திருந்தேன். பக்கத்துப் போர்ஷனில் ராணியக்கா. புருஷன் செத்துப்போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு தையல் மிஷின், ஏழெட்டுக் கோழி, மணி என்ற செவலை நாய், இவ்வளவுதான் அவள் குடும்பம். மணி மிஷினுக்கு அடியிலேயே படுப்பான். கால்பலகை அவன் வாலில் படாமல் மிதிக்க அவள் பழகியிருந்தாள்.

"தனியா கீற. பேச்சுத் துணைக்கு இருக்கட்டும்" என்று ஒரு கோழியையும் ஆறு குஞ்சுகளையும் எனக்குக் கொடுத்தாள். நான் அரக்கோணத்து டவுன்காரி. கோழியைக் குழம்பில்தான் தெரியும். இருந்தாலும் ஆறுக்கும் லேபில் கூட வேலை செய்கிறவர்களின் பெயரை வைத்து, அவர்கள் ஒழுங்காக நடக்காத நாளில் குஞ்சைப் பெயர் சொல்லித் திட்டுவேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதி!

ஒரு காலையில் இரண்டு குஞ்சுகளைக் காணோம். மறுநாள் தாய்க்கோழியும் இல்லை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள், ஆதாரமில்லாமல் பேசமாட்டேன் என்று எனக்கு ஒரு மிதப்பு. மணியின் முகவாயில் ஒட்டியிருந்த ஒற்றை இறகு போதுமானதாக இருந்தது.

"அக்கா, உங்க மணிதான் துன்னுட்டான்."

"அவனா? குஞ்சுங்க அவன் முதுகுமேல ஏறி நிக்குமேடி!"

நான் விடவில்லை. தெருக்குழாயில் நாலு பேரிடமும் சொன்னேன். அவர்கள் வீட்டிலும் கோழி காணாமல் போயிருந்தது. ஒருத்தர் வாசலுக்கே வந்து, "கட்டி வைக்கிறியா, மருந்து வைக்கட்டுமா?" என்று கத்திவிட்டுப் போனார். ராணியக்கா பயந்துபோனாள். அவள் சித்தி மகன் சூளூர்பேட்டைக்கு மீன் ஏற்ற மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். "மீன் மார்க்கெட்ல வயித்துக்குப் பஞ்சமில்ல, உயிரோடவாவது இருப்பான்" என்று மணியை அதில் ஏற்றினாள். ஏற்றுவதற்கு முன் தயிர்சோறு பிசைந்து கையாலேயே ஊட்டினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

மணி போன நாலாம் நாள் தெருவில் மறுபடியும் ஒரு கோழி காணாமல் போனது. யாரோ ஒரு கூண்டுப் பொறியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே தொங்கும் கருவாட்டை இழுத்தால் கதவு விழும். விடிந்ததும் முதலில் வாசனைதான் வந்தது, கோயிலுக்குள் நுழைந்த மாதிரி. கூண்டுக்குள் சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு, வாலில் வளையம் வளையமாக ஒன்று ஒடுங்கி நின்றது. அதன் காலடியில் கோழி இறகு. ஆட்கள் தடியோடு ஓடிவந்தார்கள். ராணியக்கா கூண்டை மறித்து நின்றாள்.

"ஐயோ, புனுகுப்பூனைடா! சாமிக்குத் தைலம் குடுக்கற ஜீவன். அத்த அடிக்காதீங்க!"

ஓங்கிய தடிகளைக் கீழே போட்டார்கள். கூண்டோடு மலையடிவாரத்துக்குத் தூக்கிப்போய்த் திறந்துவிட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் புதருக்குள் போனது. மணிக்காக அப்படி மறித்து நிற்க எங்களில் ஒருத்தரும் இல்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஞாயித்துக்கிழம சூளூர்பேட்டைக்குப் போலாங்கா" என்றேன். தலையாட்டினாள்.

மீன் மார்க்கெட்டில் ஓர் அம்மாள் இறால் உரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னாள்: "ஆ எர்ர குக்கா? பண்டி எனகாலே பரிகெத்திந்தம்மா." வண்டி இறக்கிவிட்டுத் திரும்பியபோதே அந்தச் செவலை நாய் பின்னாலேயே ஓடியதாம். அப்புறம் மார்க்கெட் பக்கம் வரவே இல்லையாம்.

சாயங்காலம் வரை நெடுஞ்சாலை ஓரமாக "மணீ, மணீ" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். அவள் தொண்டை கட்டிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்து முதலில் என்னிடம் பாதியை நீட்டினாள்.

"துன்னு. காலைலருந்து ஒண்ணும் துன்னல நீ."

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் பக்கத்தில் இருந்தேன். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் மிஷின் சத்தம் சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓடும். "உன்னாலதான்" என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. பிறகு கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். போன் பேசுவது குறைந்தது. ஒருநாள் அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை என்றது.

அந்தப் பூஜை சாமான் கடையிலிருந்து நேராக வடமாலபேட்டைக்கு பஸ் ஏறினேன். சாலை அகலமாகியிருந்தது. எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் சாலையின் நடுத்திட்டு, அதில் அரளிச்செடி வைத்திருந்தார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"தையல்கார ராணியம்மாவா? வூட்ட இடிச்சப்போ பூட்டாங்க. எங்கன்னு தெர்லயேம்மா."

தெருவில் ஒரு கோழிகூட மேயவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா" என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "போடி, வேலயப் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அதைக் கேட்க எந்த ஊருக்குப் போவதென்று இப்போது எனக்குத் தெரியவில்லை.