வாய் எண்ணியது, கை எங்கே?

பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் பிள்ளைகளை ஆட்டிவைத்த டிரில் டீச்சரைப் பார்த்து, "எலும்பு ரொம்ப வலுவிழந்திருக்கும்மா, வீட்லயே தினமும் வெயிட் தூக்குங்க" என்று டாக்டர் சொன்னதே பெரிய மானக்கேடு. மருமகள் இரண்டு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். கைக்கு ஒன்று, இருபது தடவை.

முதல் நாள் எட்டாவது தடவையிலேயே கை வெடவெடத்தது. நடுங்காமல் என்ன செய்யும்? மைதானத்தில் அத்தனை வருடமும் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதானே விசில் ஊதினார்! மறுநாள் முதல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டியபடி, வெளியே கேட்கும்படி கணீரென்று எண்ண மட்டும் செய்தார்.

பத்தாம் நாள். "பதினாறு... பதினேழு..." என்று குரல் ஏறும்போது கதவு திறந்தது. மருமகளின் இரண்டு கையிலும் பாட்டில்கள்.

"சமையல்கட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க."

பதினெட்டை விட்டுவிட்டு, நீட்டியிருந்த காலைச் சட்டென்று மடக்கினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. இதே மருமகள் ஏழாம் வகுப்பில் கையைத் தூக்காமல் எண்ணியபோது, "வாய் எண்ணுது, கை எங்கடி போச்சு?" என்று எல்லார் முன்னாலும் வெயிலில் நிற்க வைத்தவர் அவர்தான்.

மருமகள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. பாட்டில்களை அவர் கைகளில் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் "அத்தை" என்று மட்டுமே கூப்பிட்டவள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்னுலேருந்து ஆரம்பிங்க, டீச்சர்."