எங்கள் வீட்டு அடுப்புகளை எண்ணிய நாள்

நம் தெருக் குழுவில் நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதுவதைப் படித்து, ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று கொஞ்சம் நீளமாகிவிட்டது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து மணி வாக்கில் எங்கள் வீட்டில் வாசனை மாறும். அதுவரை முன்பக்கத்திலிருந்து பெருங்காயமும் காப்பியும். பிறகு பின் கேட்டில் மீன்.

மந்தைவெளியில், ஆட்டோ நுழைந்தால் சைக்கிள் ஒதுங்க வேண்டிய நம் சந்து உங்களுக்குத் தெரியும். அதில் இன்னும் இடிக்கப்படாத பழைய வீடு எங்களுடையது. முன்பக்கம் வீட்டுக்கார மாமாவும் மாமியும். பின்னால் ஐந்து போர்ஷன்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. ஒன்றில் நாங்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அடுத்ததில் பிளவுஸ் தைக்கும் செல்வி அக்கா இருந்தார்.

பட்டினப்பாக்கத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா மீன் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் மட்டும் கூவ மாட்டார். பின் கேட்டை லேசாகத் தட்டுவார். உடனே மாமி தன் சமையலறை ஜன்னலைச் சாத்துவார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் கிண்ணத்தோடு ஓடுவோம்.

"மாமி சாத்திட்டாங்கோ... ஏனத்த எத்துக்கினு வாங்கடி" என்பார் ஸ்டெல்லா அக்கா.

மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வரும். "நான் சாத்தலேன்னா உனக்கு வியாபாரமே நடக்காதுடி."

யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை அது. தானாக அமைந்தது.

நான் பி.காம். கடைசி வருஷம் படிக்கும்போது கூரை ஒழுக ஆரம்பித்தது. வீட்டை இடித்துக் கட்டப்போவதாக மாமா சொன்னார். இங்கிருந்து போகவேண்டி வருமே என்று அம்மா பயந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவள் நான். இங்கிருந்து நடந்தே போய்விட முடிந்ததால்தான் போனேன்.

ஆனால் மாமா மறுநாளே வந்து, "யாரும் எங்கேயும் போகவேண்டாம். கீழே உங்களுக்கெல்லாம் இதே மாதிரி சின்னதாக் கட்டித் தரேன். நாங்க மாடியில இருந்துக்கறோம்" என்றார்.

ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தார். அவர் டேப்போடு ஒவ்வொரு போர்ஷனாக நுழைந்தார். சுவரைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அடுப்பைப் பார்த்தார்.

"தனிச் சமையல் இருந்தா அது தனி வீடு சார். மொத்தம் ஆறு வருது. இந்தத் தெரு அகலத்துக்கு மூணுக்கு மேல பிளான் பாஸ் ஆகாது. பெருசா மூணு ஃப்ளாட் போட்டுடுங்க."

அப்பா கேட்டார். "இப்பவும் ஆறு குடும்பம் இங்கதான சார் கீது? தெரு இன்னா சுருங்கிப் பூட்ச்சா?"

"இது எப்பவோ கட்டினது. புதுசாக் கட்டினா புது ரூல்."

அன்று சாயங்காலம் முற்றத்தில் எல்லோரும் கூடினோம். செல்வி அக்காதான் வழி கண்டுபிடித்தார்.

"அடுப்புதான பிரச்சன? ரெண்டு வூட்டுக்கு ஒரு அடுப்பு வெச்சிக்கலாம். மூணாய்டும்."

எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. யாரோடு யார் என்று ஜோடி சேர்த்தோம். கடைசியில் நாங்களும் மாமியும்தான் மிச்சம்.

"நாங்க மாமியோட சேந்துக்கறோம்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "சேந்துக்கோங்கோ. வஞ்சிரம் வறுக்கற அன்னிக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கோ, நான் கோவிலுக்குப் போயிடறேன்" என்றார்.

நாங்கள் விளையாட்டாகப் பேசவில்லை. நிஜமாகவே இன்ஜினியரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்கு ஆபீஸர் வந்து பார்த்தா வீட்டுக்கு வீடு அடுப்பு எரியும்மா. கையெழுத்துப் போட்ட நான் மாட்டிக்குவேன்" என்றார். அதுவும் நியாயம்தான்.

மாமா வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். கூரைக்குத் தார் பூசிக்கொண்டே வருஷங்கள் போயின.

இப்போது நான் தி.நகரில் ஓர் ஆபீஸில் வேலை செய்கிறேன். சந்தின் இரண்டு பக்கமும் புது ஃப்ளாட்டுகள். தரைத்தளம் முழுக்க கார்கள். முன்பு அதே உயரத்தில் ஜன்னல்கள் இருந்தன, யாராவது எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்ததில் பயந்துபோன செல்வி அக்கா, கூடுவாஞ்சேரி தாண்டிப் போய்விட்டார். தைத்த பிளவுஸ்களைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி இங்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த மழைக்கு மேல் வீடு தாங்காது என்று மாமா சொல்லிவிட்டார். அதற்குள் கட்டட விதி மாறினால் சின்ன வீடுகள். மாறாவிட்டால் மூன்று ஃப்ளாட்டுகள். அந்த வாடகை கொடுத்து எங்களால் குடியிருக்க முடியாது.

நகரத் திட்டத்தைத் திருத்துவதற்காக அரசாங்கத்தில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். உயரத்தைக் கூட்ட வேண்டாம், அகலத்தைக் கூட்ட வேண்டாம். அதே கட்டடத்துக்குள் சின்ன வீடுகளாகப் பிரித்துக்கொள்ள விடுங்கள்... இதைத்தான் மாமா எழுதிக் கொடுக்கிறார்.

போன கூட்டத்தில், குடும்பங்கள் கூடினால் தெரு தாங்காது என்று புது ஃப்ளாட்டுக்காரர்கள் சிலர் சொன்னார்கள். தப்பாக நினைக்கவில்லை. மழை பெய்தால் நம் சாக்கடை என்ன ஆகிறது என்று நானும் பார்க்கிறேன்தானே.

அப்படிச் சொன்ன நீங்களும் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். எதிரில் பார்த்தால் சிரிக்கிறீர்கள். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். எங்கள் பக்கத்தில் குடியிருக்க உங்களுக்குச் சம்மதம் என்று மட்டும் சொல்லுங்கள்.