பெரிய எழுத்துப் புத்தகம்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் இரண்டு வருடமாக என் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். சரித்திரமா, துப்பறியும் கதையா, பயணக் கட்டுரையா என்று பார்க்கவே மாட்டாள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் திருப்பித் தரும்போது, அந்தப் புத்தகத்தைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

அவளுடைய அப்பா இறந்து ஒரு மாதம் ஆனதும், ஆறுதலாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் கையை நீட்டவில்லை.

"எனக்குத் தமிழ் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதுக்கா. படிச்சதெல்லாம் கன்னட மீடியம். அப்பாதான் படிச்சுக் காட்டுவாரு. அவருக்குக் கண்ணு மங்கல், அதான் பெரிய எழுத்தா தேடுவேன்."

"கண்ணைத் திறந்து என்ன புத்தகம்னு பார்த்து எடு" என்று எத்தனை தடவை அவள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

"இனிமே பொடி எழுத்தா இருந்தாலும் பரவால்ல. நீங்க படிச்சுக் காட்டுங்க," என்றாள். "உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு."