ஊஞ்சல் கேலரி

ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான்; ஊர் அவனுக்கு வைத்த பேரோ ரவுண்டு. உடம்பைப் பார்த்து வைத்ததில்லை. 'சும்மா ஒரு ரவுண்டு' என்று அவன் ஒரு வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தான், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கடை விட்டதும் சைக்கிளில் ஊரைச் சுற்றிவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதிப் போடுவான். நூலகத்தில் எந்த மின்விசிறி சுற்றுகிறது, எது சுற்றுவதுபோல நடிக்கிறது. நாடகக் குழுவின் ராஜா மீசை ஒரு பக்கம் தொங்கத் தொங்க வீரவசனம் பேசியது. கால்பந்து அணியின் கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டு ஷூ லேஸைப் பிடித்தது. எல்லாம் வரும். ஒவ்வொரு பதிவும் ஒரு குத்தலோடு முடியும். ஊரில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டுத்தான் பல் துலக்குவார்கள். மீதிப் பேர் படிப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டு படிப்பார்கள்.

வீட்டில்தான் மதிப்பில்லை. மாமியார் அவனோடும் மனைவியோடும்தான் இருந்தார். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. "மாப்பிள்ளைக்கு விரல் வலிக்குமே, கொஞ்சம் வெந்நீர் வெச்சுக் குடு" என்று மகளிடம் சொல்வார், அவன் காதில் விழுகிற மாதிரி. அவன் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவர் படித்ததாக அவனுக்கு நினைவில்லை. ஆனால் கால்பந்து என்றால் அந்த அம்மாளுக்கு உயிர். எந்த ஆட்டத்தையும் விட்டது கிடையாது. கேலரியின் மேல் வரிசை, இடது மூலை, கறுப்புக் குடை, பக்கத்தில் பிளாஸ்க். அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் குடை பேசும்.

கேலரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே பலகை போட்டது. ஆட்ட சீசன் தொடக்கத்தில் ரவுண்டு ஒரு பதிவில் போகிற போக்கில் எழுதினான்: 'நம் மைதானத்தில் டிக்கெட் வாங்கினால் ஊஞ்சல் இலவசம். கோல் விழுந்தால் நாம் குதிக்கவே வேண்டாம், கேலரியே நம்மைக் குதிக்க வைக்கும்.' அவ்வளவுதான். அன்றிலிருந்து அதற்கு ஊஞ்சல் கேலரி என்றே பேர். கோல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே தாளத்தில் 'ஆட்டு! ஆட்டு!' என்று மிதிக்கும், பலகையெல்லாம் ஆடும். அதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்தார்கள். ரவுண்டுக்குப் பெருமை தாங்கவில்லை. பேர் வைத்தது யார் என்று தெரியாதவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னான்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மைதானத்துக்குப் போனான். ஊஞ்சலைக் கீழேயிருந்து படம் எடுத்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்று கேலரிக்கு அடியில் குனிந்து நுழைந்தான். புல்லில் துருத் தூள் கொட்டிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தான். குறுக்குக் குழாயைத் தூணோடு பற்றவைத்த இடம் வாய் பிளந்திருந்தது. விரலை விட்டால் விரல் போனது. தூணில் கை வைத்துச் சும்மா தள்ளினான். மேலே எங்கேயோ 'ணக்' என்றது. அடுத்த தூணுக்குப் போனான், அங்கும் அதே கதை. இன்று சாயங்காலம் ஊரே இதன் மேல் ஏறி மிதிக்கப்போகிறது.

கிளப் செயலாளரிடம் ஓடினான். அவர் மேஜை மேல் கோப்பையை நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேலரி உடையப்போகுதுங்க. அடியில வந்து பாருங்க."

"போன வருஷம்தானேய்யா பெயிண்ட் அடிச்சோம்?"

"பெயிண்டா தாங்குது? வெல்டிங் விட்டிருக்கு. ஒரு ஆள் ஏறக்கூடாது."

"யோவ் ரவுண்டு, ஊஞ்சல்னு பேர் வெச்சது யாரு? நீ. ஊரைக் கூட்டினது யாரு? நீ. இப்ப வந்து ஆடுதுன்னு புகார் சொல்றதும் நீயா? போய்யா, இன்னைக்கு விளையாடாதே, எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு."

காவல் நிலையத்துக்குப் போனான். அங்கே இருந்தவர் அவனுடைய வாசகர், அதுதான் வினையாகிப்போனது. அவன் சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்கு எங்களை வெச்சா காமெடி? நல்லதா ரெண்டு வரி எழுதுப்பா" என்று முதுகில் தட்டி அனுப்பினார். மற்ற அலுவலகங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

சரி, நம்மிடம்தான் ஆயுதம் இருக்கிறதே என்று மைதானத்து வாசலிலேயே நின்று போனில் எழுதினான். கேலிப் பேச்சு ஒன்றுகூட இல்லாமல், பிளந்த இடத்தின் படத்தோடு, தயவுசெய்து யாரும் ஏறாதீர்கள் என்று. போட்ட கையோடு பதில்கள் குவிந்தன.

'செம ரவுண்டு! சீரியஸா மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடிக்கிறீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க!'

'இன்னைக்கு ஊஞ்சல் அறுந்தே தீரணும். எல்லாரும் வந்துடுங்கடா!'

சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் எழுதி என்ன சம்பாதித்தான்? உண்மையைச் சொன்னால் நம்ப ஒரு ஆள் இல்லை. பதிவு இன்னும் கூட்டத்தைத்தான் கூட்டும் என்று தெரிந்ததும் அதை அழித்தான்.

வீட்டுக்கு வந்தால், அந்த வெயிலில் மனைவி கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினாள்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர், உங்க டீம் ஜெயிச்ச அன்னைக்குப் போட்ட சட்டையைத் துவைக்கவே மாட்டேங்கிறார். துவைச்சா ராசி போயிடுமாம். பக்கத்துல உக்கார முடியலைங்க."

ரவுண்டு எழுந்து நின்றான். "என்ன சொன்னே? ராசியா?"

"ஆமா, ராசி. ஏன்?"

பதில் சொல்ல அவன் அங்கே இல்லை. உள்ளே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். உண்மையை நம்பாத ஊர் ராசியை நம்பும். 'இந்த சீசனில் ஊஞ்சல் கேலரி நிரம்பிய நாளெல்லாம் நாம் தோற்றிருக்கிறோம், கவனித்தீர்களா? காலியாக இருந்த நாளெல்லாம் ஜெயித்திருக்கிறோம். இன்று அதில் ஏறி உட்காருகிறவர் எதிரணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்.' அத்தனையும் பச்சைப் பொய். யார் எடுத்துச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஒரு மணி நேரத்தில் அது ஊரெல்லாம் சுற்றி, அவனுக்கே மூன்று பேர் அனுப்பி வைத்தார்கள்.

சாயங்காலம் மைதானத்துக்குள் நுழைந்தபோது அவனுக்கு உயிர் வந்தது. எல்லைக்கோட்டைச் சுற்றிக் கயிற்றோரம் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. கேலரியில் ஈ காக்காய் இல்லை. ஒருவன் தன் தம்பியைக் காலைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தான்: "ஏன்டா, நம்மளைத் தோக்கடிக்கவா ஏறுறே?" ரவுண்டு வாசல் தூணில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். ஆட்டம் தொடங்கியது.

அப்புறம்தான் தலையை நிமிர்த்தினான். மேல் வரிசை, இடது மூலையில் கறுப்புக் குடை விரிந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்க்.

வலைப்பூ படிக்காத ஒரே ஆள்! அவருக்கு மட்டும் யார் சொல்வது? அதை விடப் பெரிய ஆபத்து கயிற்றோரத்தில் முளைத்தது. "அங்க பாரு, ரவுண்டோட மாமியாரே மேல உக்காந்திருக்காங்க. அப்ப ராசியெல்லாம் சும்மா புருடாதான்!" என்றான் ஒருவன். கால் வலித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அது போதும். நாலு பேர் ஏறினார்கள். நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர் ஏறினார்கள். ரவுண்டு அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினான். காலடியில் பலகை மெல்ல அசைவது தெரிந்தது.

"அத்தை, எழுந்திருங்க. கீழ போகலாம்."

"உக்காருங்க மாப்பிள்ளை, மறைக்குது."

"அத்தை, நான் எழுதினது உங்களுக்குத் தெரியாது..."

"தெரியாம என்ன? நீங்க எழுதினது பொய்" என்றார் மாமியார், கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல். "மழையில ஜெயிச்சோமே, அன்னைக்கு இங்க கால் வைக்க இடம் இல்லை. நீங்களே எழுதியிருந்தீங்க, என் குடை பின்னாடி நாலு பேருக்கு மறைக்குதுன்னு. அதுக்கு முன்னாடி மேட்ச்சும் அப்படித்தான். நக்கல் பண்ணுவீங்க, நையாண்டி பண்ணுவீங்க, பொய் மட்டும் எழுத மாட்டீங்க. இன்னைக்கு ஏன் எழுதினீங்கன்னு பார்க்கத்தான் ஏறி வந்தேன்."

ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்! சந்தோஷப்படக்கூட அவனுக்கு நேரமில்லை. கீழே நம் அணி கோல் வாசலை முற்றுகையிட்டிருந்தது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. "ஆட்டு! ஆட்டு!" என்று எங்கோ ஒருவன் ஆரம்பிக்க, எல்லாக் காலும் சேர்ந்து மிதித்தன. பலகை ஒரு சாணுக்குக் கீழே போய் மேலே வந்தது. மாமியார் அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

"உடையப்போகுது அத்தை" என்றான் அவர் காதோரம். "காலையில பார்த்தேன். நிஜமா எழுதினேன், சிரிச்சாங்க. அதான் பொய் எழுதினேன்."

அவர் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அதே நேரத்தில் இடைவேளை விசில் ஒலித்தது. எல்லாரும் உட்கார்ந்து, இடைவேளை முடியும்வரை என்ன வேடிக்கை பார்ப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"யாரைப் பார்த்துப் பேசாதேங்கிறீங்க?"

ஊர் முழுக்கத் திரும்பியது. ரவுண்டு திகைத்தான். "அத்தை, நான் ஒண்ணும்..."

"வாயைத் திறந்தா பொய்! மழை மேட்ச் தோத்தோமாம்! உங்களைக் கட்டிக்கொடுத்தேனே, என்னைச் சொல்லணும்!" சொல்லிக்கொண்டே ஒரு படி இறங்கினார், குடையை அவன் மார்புக்கு நேரே நீட்டியபடி. "நடங்க கீழ! ஊர் முன்னாடியே கேக்கறேன், நாலு பேர் நியாயம் சொல்லட்டும்!"

"டேய், ரவுண்டுக்கு விழுதுடா!" என்று ஒரு குரல். அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் வம்பை எழுதுகிறவன் வீட்டு வம்பு! எல்லாரும் எழுந்து, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழாத குறையாகப் பின்னாலேயே இறங்கினார்கள். ரவுண்டுக்கு அப்போதுதான் புரிந்தது. அவனும் குரலை உயர்த்தினான். "நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லுங்க!"

"என்ன தப்பா? லைப்ரரியில எந்த மின்விசிறி சுத்தலைன்னு தெரியுது. நாடகக்காரன் மீசை தொங்குறது தெரியுது. எம் பொண்ணு ஒரு வாரமா ஜுரத்தோட வேலைக்குப் போயிட்டு வர்றாளே, அது தெரியுதா உங்களுக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் போனைக் கீழ வெச்சுட்டு அவ மூஞ்சியைப் பார்த்திருக்கீங்களா?"

அவர் குரல் அந்த இடத்தில் உடைந்தது. அவர் அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக மைதானத்தின் நடுப்பக்கம் ஓட்டிக்கொண்டு போனார், கூட்டமும் வளையம் கட்டிக்கொண்டு கூடவே வந்தது.

கடைசியாக இறங்கிய நாலைந்து பையன்கள் பொறுமையில்லாமல் மூன்றாம் படியிலிருந்து ஒன்றாகக் குதித்தார்கள். 'ணக்' என்று காலையில் கேட்ட அதே சத்தம், இப்போது நூறு மடங்காக. ஒரு தூண் மடங்கியது, அடுத்தது மடங்கியது. மேல் வரிசை அப்படியே உட்கார்ந்து, பலகைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து, புழுதி கிளம்பியது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து மாமியாரின் பிளாஸ்க் டங் டங் என்று உருண்டு வந்து ஒருவன் காலடியில் நின்றது. யாருக்கும் அடி இல்லை.

செயலாளர் ஓடி வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அவரை முந்திக்கொண்டு கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "உனக்கு முன்னாடியே தெரியுமா ரவுண்டு? ஏன்யா சொல்லலை?"

"காலையிலேயே சொன்னேன்" என்றான் ரவுண்டு. "சிரிச்சீங்க." கொஞ்சம் பொறுத்து, "உங்களைச் சொல்லி என்ன? ஊஞ்சல்னு பேர் வெச்சதே நான்தான்" என்றான்.

மாமியார் நசுங்கிய பிளாஸ்க்கை எடுத்துத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை. ஆளுங்களை இறக்கணுமேன்னு கத்தினேன்."

"தெரியும் அத்தை. சும்மாதானே."

"எல்லாம் சும்மா இல்லை" என்றார் அவர். "எது இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"எழுது ரவுண்டு, உடனே எழுதிப் போடு!" என்று சுற்றி நின்றவர்கள் நச்சரித்தார்கள். அவன் போனை எடுத்தான். எழுதவில்லை. வீட்டுக்கு அடித்தான்.

"யாருங்க ஜெயிச்சா?" என்றாள் மனைவி. தொண்டை கட்டியிருந்தது. இத்தனை நாள் அது அவன் காதில் விழவே இல்லை.

"உனக்கு ஜுரமா?"

"யார் சொன்னாங்க?"

"உங்கம்மா" என்றான். "ஊருக்கே சொல்லிட்டாங்க. எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது."